வயதை மட்டும் சொல்லுங்கள்

செருப்பைச் சுவரோரமாக விடுங்கள், தம்பி. சுவரோரம் என்றால் சுவரை ஒட்டி. நடையின் நடுவில் அல்ல. பையைப் பியானோவின் மேல் வைக்காதீர்கள். அது மேசை அல்ல. உங்களுக்கென்றே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன், அதில் வையுங்கள். பணியிலிருந்த காலமெல்லாம் பள்ளிகளை ஆய்வு செய்தவள் நான். ஒருவர் ஒரு பொருளை எங்கே வைக்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய வேலை எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுவேன். நீங்கள் பையை மாற்றி வைத்துவிட்டீர்கள். ஆகவே இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இருவரும் ஒரே ஆட்டோவில்தானே வந்தீர்கள், வழியில் எஸ்லின் என்ன சொன்னாள்?

ஒன்றும் சொல்லவில்லையா? திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை என்றால் அதை நான் நம்ப வேண்டும். சரி, நம்பிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுதாளா? அழுதிருப்பாள். அது அவளுக்கு எளிது. என் கணவரின் ஒரே தங்கை; இந்த வீட்டில் அவள் கண்ணில் நீர் வந்தால் அடுப்பில் இருப்பதைக்கூட இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவார்கள். நான் ஓடி வரவில்லை. அது ஒன்றுதான் இன்றுவரை என்மேல் அவளுக்கு இருக்கும் குறை.

ஜன்னல் பக்கம் என்ன பார்வை? ஆம், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், வேப்பமரத்தடியில். உள்ளே வரச் சொல்லவில்லை. நிழல் இருக்கிறது, உட்காரக் கல் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர்ச் செம்பும் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் மேலாக ஒரு விருந்தாளிக்கு என்ன வேண்டும்? இது என் வீடு. என் கணவர் எனக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன வீடு.

இதோ, சாவி. நானே திறக்கிறேன். நீங்கள் திறந்தால் மூடி தேய்ந்துவிடும். பார்த்தீர்களா? ஒரு தூசி உண்டா? விரலை வைத்துப் பாருங்கள். வைக்காமல் என் சொல்லை ஏற்றுக்கொண்டாலும் சரிதான். எழுபத்து நான்கில் எஸ்லின் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போனாள். அன்றிலிருந்து இந்தச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஒரு குழந்தையின் கை இதன்மேல் பட்டதில்லை. ஒரு தம்ளர் இதன்மேல் இருந்ததில்லை. வெள்ளையடிக்க வந்தவன் ஒருமுறை வாளியை இதன்மேல் வைக்கப் போனான். அவன் அதற்குப் பிறகு இந்தத் தெருவுக்கே வந்ததில்லை.

உங்களிடம் கேட்கப்படுவது இரண்டு. இதன் வயது; இதன் மதிப்பு. எங்கள் சபைப் போதகர் செய்துவைத்த ஏற்பாடு. அவரும் பாவம், சின்ன வயசு. "கோர்ட்டுக்கெல்லாம் போகப்பிடாதும்மா. ரெண்டு பேரும் ஒரே பந்தியில திருவிருந்து எடுக்கிறவங்க" என்றார். நான் சொன்னேன், "அவள் எடுப்பது கோயம்புத்தூரில், நான் எடுப்பது இங்கே, பந்தி எப்படி ஒன்றாகும்?" என்று. அவர் சிரித்துவிட்டு, வெளியூரிலிருந்து இதைத் தெரிந்த ஒருவரை வரவழைப்போம், அவர் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுங்கள் என்றார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும்.

அவள் சொல்வது இது. இந்தப் பியானோ அவளுடைய ஏழாவது பிறந்தநாளுக்கு அவளுடைய அப்பா வாங்கிக்கொடுத்ததாம். போதகர் முன்னிலையில் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தூத்துக்குடி மில்லு மேனேஜர் தொரை சீமைக்குப் போகும்போது வித்துட்டுப் போனாரு. எனக்குன்னுதான் அப்பா வாங்குனாவ. உங்களுக்குத் தெரியாதா மைனி?" தெரியாது என்றேன். நான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது எழுபத்தொன்றில். அதற்கு முன் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?

நான் சொல்வது இது. பியானோ இந்த வீட்டைக் கட்டிய தாத்தா காலத்துப் பொருள். வாசலுக்கு மேலே ஆண்டு பொறித்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று. வீட்டோடு வந்தது வீட்டோடு நிற்கும். வீடு யாருக்கோ பியானோ அவருக்கு. இதில் என்ன சிக்கல்? எஸ்லினுக்கு இப்போது அறுபத்தொன்பது வயது. பியானோவுக்கு அதைவிட வயது அதிகம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. ஆகவே வேறெதுவும் பேச வேண்டாம். வயதை மட்டும் சொல்லுங்கள். மதிப்பையும் சொல்லுங்கள், அதைச் சொன்னால்தான் இவ்வளவு காலம் இதை யார் காப்பாற்றினார் என்பது ஊருக்குத் தெரியும்.

பலகையைக் கழற்றப் போகிறீர்களா? மெதுவாக. இரும்புச் சட்டத்தில் எண் இருக்கும் என்கிறீர்களா? இருக்கிறது, எனக்கே தெரியும். ஆண்டுதோறும் துடைக்கிறேனே. ஐந்து இலக்கம். அது ஆண்டோ என்று நினைத்து ஒருநாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன். வேலை செய்கிறவரோடு பேசக் கூடாது என்பார்கள். பேசினால் தவறு செய்கிறவர் பேசாவிட்டாலும் தவறு செய்வார்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. மாலையில் விளக்கேற்றியதும் இங்கே வந்து உட்காருவாள். அவள் வலக்கைச் சுண்டு விரல் பிறவியிலேயே உள்நோக்கி வளைந்தது. இந்த விரலை வைத்துக்கொண்டு என்ன வாசிப்பு என்று எனக்குத் தோன்றும். என் கணவர் கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் அந்த நாற்காலியில் அமர்ந்துவிடுவார். புது மனைவி காப்பியோடு நிற்பேன். "அங்கன வச்சிட்டுப் போ, சுகிர்தம்" என்பார், கண்ணைத் திறக்காமல். காப்பி ஆறிப்போகும். ஒருநாள், "காப்பி ஆறுகிறது" என்றேன். "பாட்டு ஆறிப்போகும்லா" என்றார். அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பேர் சிரித்தோம் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை.

நான் அவள் வாசித்ததை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது.

அவள் கல்யாணத்தின்போது இதைக் கொண்டுபோகிறேன் என்றாள். என் மாமியார், "குடியிருக்கிறது வாடகை வீடு. சொந்த வீடு கட்டுனப்பொறம் வந்து எடுத்துக்கோ" என்று சொன்னார். சொன்ன மாமியார் மறு வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். எடுத்துக்கோ என்றுதான் சொன்னாரா, பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாரா என்று இப்போது யார் சொல்ல முடியும்? அங்கே இருந்தவர்களில் எஸ்லினும் நானும்தான் மிச்சம்.

அதன்பிறகு வருடந்தோறும் வருவாள். வந்தவுடன் மூடியைத் தொட்டுப் பார்ப்பாள். பூட்டியிருக்கும். "மைனி, சாவி?" என்பாள். "பிள்ளைகள் கை படாமல் எங்கேயோ வைத்தேன்" என்பேன். இந்த வீட்டில் பிள்ளைகள் ஏது என்று கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாள். அவள் அப்படித்தான், நல்லவள் என்று பெயரெடுக்கக் கேட்காமலே இருந்துவிடுவாள்.

ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் படுக்கையில் விழுந்தார். அப்போதும் வந்தாள். "மைனி, அண்ணன் கேக்காவ. ஒரே ஒரு பாட்டு வாசிக்கட்டா?" மருத்துவர் ஓய்வு என்று சொல்லியிருந்தார். ஓய்வு என்றால் சத்தமில்லாமை. இது எனக்குத் தெரிந்த பொருள். சாவி அகப்படவில்லை என்றேன். இடுப்பில்தான் இருந்தது, ஆனால் நோயாளி வீட்டில் விவாதம் கூடாது. அன்று முழுவதும் அவர் போர்வையின்மேல் விரல்களைத் தட்டிக்கொண்டே கிடந்தார், ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக. காய்ச்சல் நடுக்கம். வேறென்ன?

அவர் போன பிறகுதான் இவள் உரிமை பேச ஆரம்பித்தாள். "அண்ணன் இருக்கிறவரைக்கும் கேக்கப்பிடாதுன்னு இருந்தேன்" என்றாள். இல்லாதபோது கேட்பது எந்த வகை நாகரிகம்?

என்ன, முடிந்துவிட்டதா? எண்ணைப் பார்த்தீர்களா? எந்த ஆண்டு? இன்னொரு முறை சொல்லுங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது! நூற்றுப் பத்து வயது! ஜன்னல் வழியாக இப்போதே கூப்பிட்டுச் சொல்லட்டுமா அவளிடம்? அறுபத்தொன்பது எங்கே, நூற்றுப் பத்து எங்கே! தம்பி, உங்களுக்குக் காப்பி தருகிறேன். இருங்கள்.

என்ன சொன்னீர்கள்?

செய்த ஆண்டு வேறு, இந்த வீட்டுக்கு வந்த ஆண்டு வேறா?

அதை யார் உங்களிடம் கேட்டார்கள்? நூற்றுப் பத்து வயதுப் பியானோவை யாரும் எப்போது வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம் என்றால், பிறகு வயது பார்ப்பதற்கு என்ன பொருள்? உங்களைச் சென்னையிலிருந்து ஏன் வரவழைத்தோம்? ஆட்டோவில் அவள் வாயைத் திறக்கவில்லை என்றீர்களே, இப்போது அவள் வாய்தான் உங்கள் முகத்தில் இருந்து பேசுகிறது. காப்பி கிடையாது. உட்காருங்கள்.

சரி. அவள்தான் சொந்தக்காரி என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் கொண்டுபோவாள்? நடையைப் பார்த்தீர்கள் அல்லவா, பாதி வழியில் திரும்புகிறது. இதன் நீளத்துக்கு அங்கே திரும்ப முடியாது. இந்த ஜன்னலைப் பெயர்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். என் சுவரில் ஒரு செங்கல்லை அசைக்க விடமாட்டேன். வந்தபோதும் இதே வழியாகத்தான் வந்தது. என் மாமியாரே சொல்லியிருக்கிறார்: "இத உள்ள கொண்டாரதுக்குள்ள உயிர் போயி உயிர் வந்துட்டு. ஜன்னலப் பேத்துல்லா ஏத்துனாவ!"

அவர் கண்ணால் பார்த்ததா என்றா கேட்கிறீர்கள்? என் மாமியார் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்பவர் அல்லர்.

அவர் எப்போது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார் என்பது உங்களுக்கு எதற்கு? வீடு கட்டிப் பத்து வருடம் கழித்து வந்தார். வந்தால்? அப்போதும் தாத்தா உயிரோடுதான் இருந்தார். நீங்கள் பியானோவைப் பார்க்க வந்தீர்களா, என் மாமியாரைப் பார்க்க வந்தீர்களா?

ஏன் ஜன்னலுக்குப் போகிறீர்கள்? பூந்தொட்டியை நகர்த்தாதீர்கள். அது அங்கேதான் இருக்கும். நான் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஆமாம், மற்ற ஜன்னல்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, இதற்கு மட்டும் சிமெண்டு. புயலில் பெயர்ந்திருக்கும். பழைய வீடு என்றால் அப்படித்தான். எழுத்தா? கொத்தனார்கள் சிமெண்டு காய்வதற்குள் ஆணியால் கீறிவிட்டுப் போவார்கள், வழக்கம்தானே. ஐம்பத்தேழு. இருக்கட்டும். ஐம்பத்தேழில் புயல் அடிக்கவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

அதுவா. அது ஒரு கைத்தடம். கொத்தனாரின் பிள்ளை வைத்திருக்கும். வருடந்தோறும் வெள்ளையடிக்கிறேன், அப்படியும் பள்ளம் தெரிகிறது. விரலால் தடவாதீர்கள், தம்பி, சுண்ணாம்பு உதிர்கிறது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டு விரல் அப்படித்தான் வளைந்திருக்கும்.

இல்லையா? உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? இரண்டா? இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உலகத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தவள்.

தொட்டியை இருந்த இடத்தில் வையுங்கள். நன்றாக, அந்தப் பள்ளத்தின்மேல். நீங்கள் போதகரிடம் என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள். சிமெண்டைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் தொழில் பியானோ. இனி மதிப்பைப் பாருங்கள். அதில் எஸ்லின் பேச ஒன்றுமிருக்காது. அவளுடைய பொருளாகவே இருக்கட்டும், நான் மறுத்துக்கொண்டேயிருப்பேன், ஆனால் இருக்கட்டும்; யார் காப்பாற்றியது? அவளிடம் இருந்திருந்தால் கோயம்புத்தூர் வாடகை வீடுகளில் வீடு வீடாக ஏறி இறங்கி இந்நேரம் விறகாகியிருக்கும். அதை நீங்களே எழுதலாம்.

அந்தக் கம்பி முறுக்கும் ஆணிகளைப் பாருங்கள். ஒன்றிலாவது துரு உண்டா? தாமிரபரணி ஓரத்து ஊர், ஐப்பசி கார்த்திகையில் தீப்பெட்டிகூடப் பதத்துப்போகும். அப்படியும் எப்படிப் பளபளக்கின்றன, பார்த்தீர்களா? கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் பலகையைக் கழற்றி, கோழியிறகை எண்ணெயில் தோய்த்து, ஒவ்வோர் ஆணியின் அடியிலும் ஒரு சொட்டு விடுவேன். தேங்காயெண்ணெய் அல்ல; அது பிசுக்காகும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். என் ஆய்வுக்கு உட்பட்ட பள்ளிகளில் தையலறை இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது என்று எவராவது சொல்லட்டும். அதே முறைதான் இங்கும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. கல்யாணத்துக்கு அவள் போன வருடத்திலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லை. என் கணவர் இறந்த வருடமும் விடவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்தத் திருகியை வைத்து என்ன செய்கிறீர்கள்? அதை இவ்வளவு எளிதாகத் திருப்பலாமா? விட்டவுடன் ஏன் தானே பின்னால் போகிறது? நீங்கள் தளர்த்திவிட்டீர்கள். நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், நீங்கள்தான் தளர்த்தினீர்கள்.

எல்லா ஆணியுமா?

மரமா? எந்த மரம்? ஆணி இறங்கியிருக்கும் மரத்தில் எண்ணெய் ஊறினால் பிடிப்பு இருக்காது என்று யார் சொன்னது? புத்தகத்தில் இருக்கிறதா? எண்ணெய் துருவைத் தடுக்கும், அது ஊரறிந்தது. மரத்துக்குள் எண்ணெய் போகும் என்று நான் எப்படி... இது பராமரிப்பு, தம்பி. பூட்டிவைத்துப் பராமரித்திருக்கிறேன். ஒருவர் கை படவில்லை. என் கை தவிர ஒருவர் கை படவில்லை!

சரிசெய்ய முடியாதா? உள்ளே முழுவதையும் எடுத்துவிட்டு வேறு வைப்பது சரிசெய்வதாகுமா? அப்படியானால் மதிப்பு?

ஒன்றுமில்லை என்று அவ்வளவு மெதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

உங்கள் தொழிலில் நேர்மை கிடையாது. மறுத்துச் சொல்கிறீர்களா? வாசித்துக் காட்டுங்கள் பார்ப்போம். ஆம், நான்தான் சொல்கிறேன், வாசியுங்கள். எத்தனை வருடமாக நிற்கிறதோ அத்தனை வருடமாக இதற்குள் பாட்டு பத்திரமாக இருக்கிறது. அவள் வாசிப்பாளே, மாலைத் துதி, விளக்கேற்றியதும் முதலில் வாசிப்பது. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும், எல்லாச் சபைகளிலும் பாடுவதுதான்.

நிறுத்துங்கள். இது அது இல்லை. தவறாக வாசிக்கிறீர்கள். இரண்டாம் அடியில் மேலே போய் ஓர் இடத்தில் நிற்கும், சுண்டு விரல் கொஞ்சம் தாமதித்துத்தான் அந்தக் கட்டைக்கு வந்து சேரும், அதற்குள் இடக்கை கீழே ஒருமுறை மெல்ல விழும், பிறகுதான் மேலேயுள்ளது கேட்கும். அடுப்படி வரை கேட்கும். பால் பொங்கி வழிந்தாலும்... நீங்கள் அதே இடத்தைத்தான் தொடுகிறீர்களா? அதே கட்டைதானா? ஏன் தகரப் பெட்டியைத் தட்டுவதுபோல வருகிறது? இன்னொருமுறை. வேண்டாம். வேண்டாம், போதும், கையை எடுங்கள்.

எழுந்துவிட்டாள்.

சத்தம் கேட்டுவிட்டது அவளுக்கு. பாருங்கள், செருப்பைக்கூடப் போடாமல் வருகிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. வாசலுக்கு வரவில்லை, ஜன்னலுக்கு வருகிறாள். பலகையை மாட்டுங்கள். சீக்கிரம். ஆணிகள் தெரியக் கூடாது. ஜன்னலைச் சாத்த முடியாது, தொட்டி இருக்கிறது.

என்ன எஸ்லின்? உன்னை யார் கூப்பிட்டது?

கேட்டீர்களா, தம்பி, "மைனி, அதுக்கு என்னாச்சு?" என்கிறாள். பியானோவுக்கு ஏதோ உடம்புக்கு வந்ததுபோலக் கேட்கிறாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள். தொட்டிக்குப் பக்கத்தில்தான் கையை வைத்திருக்கிறாள், அந்த விரல் அப்படியேதான் இருக்கிறது.

"நல்லாத்தான இருந்துச்சு மைனி, நான் போகும்போது? அதுக்கு என்னாச்சு?"

தம்பி, இங்கே வாருங்கள். பக்கத்தில் வாருங்கள். பியானோ அவளுடையது என்று வேண்டுமானால் போதகரிடம் எழுதிக்கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். சுவரையும் இடித்துக்கொள்ளட்டும். ஆனால் எண்ணெயைப் பற்றிச் சொல்லாதீர்கள். மதிப்பைச் சொல்லாதீர்கள். வயதை மட்டும் சொல்லுங்கள். நூற்றுப் பத்து என்று சொல்லுங்கள். அவ்வளவு வயதானால் எதுவும் இப்படித்தான் ஆகிவிடும் என்று சொல்லுங்கள்.